தியெப் வீட்டின் பச்சைக் கதவு

பாரிஸ் புறநகரான ஸ்தேனில் வசிக்கும் அரியரத்தினத்துக்குப் பெயின்ற் அடிப்பது தொழில். பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் பாதிக் கடைகளுக்கு வெள்ளை அடித்தவர் அவர்தான்; மீதிக் கடைகளைப் பார்த்தால் அவருக்கு மனவருத்தம்.

2012 கோடையில் அவரை வடக்குக் கடற்கரையிலுள்ள தியெப் நகருக்கு வேலைக்கு அனுப்பினார்கள். கடலைப் பார்த்தபடி, 1908இல் ஓர் ஆங்கிலேயர் எட்வர்ட் மன்னர் காலத்துப் பாணியில் கட்டிய பெரிய வீடு. அதைப் பழையபடி ஆக்கும் பொறுப்பு பியட்றிஸ் என்ற கட்டடக் கலைஞருடையது.

"இடிச்சுப்போட்டுக் கட்டினால் கெதியா முடியும்," என்று முதல் நாளே மனைவி இராசமலருக்குப் போனில் சொன்னார்.

"உங்களை ஆர் கேட்டது? சொன்ன சுவரை மட்டும் அடிச்சுப்போட்டு வாங்கோ."

சொன்ன சுவர் சமையலறைச் சுவர். அது மதியத்துக்கு முன்பே முடிந்தது. மிஞ்சிய பெயின்றை வீணாக்க அவருக்கு மனம் வரவில்லை. கூடத்தில் ஒரு மண்ணிறக் கதவு அழுக்காகத் தெரிந்தது. பியட்றிஸ் சாப்பிட்டுத் திரும்பியபோது கதவு வெள்ளை வெளேரென்று நின்றது. பக்கத்தில் அரியரத்தினம், பாராட்டுக்காகக் காத்துக்கொண்டு.

பியட்றிஸ் சத்தம் போடவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"அந்த மண்ணிறம் நூறு வருடப் பழசு, மிஸ்யூ அரி."

அரியரத்தினம் உடனே வெள்ளையைச் சுரண்டத் தொடங்கினார். வெள்ளையோடு மண்ணிறமும் உரிந்து வந்தது. அடியில் கரும்பச்சை, ஓரத்தில் மெல்லிய பொன் கோடு. மேலே எதையாவது பூசி மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு போய் பியட்றிஸைக் கூட்டிவந்தார்.

பியட்றிஸ் முழந்தாளிட்டு நெடுநேரம் பார்த்தார். வீட்டின் முதல் நிறம் அந்தப் பச்சைதான். மண்ணிறம் பின்னால் வந்தவர்கள் பூசியது.

"மற்றப் பதினொரு கதவுகளையும் நீங்களே சுரண்டுங்கள்," என்றார். "பிரஷை மட்டும் என்னிடம் தாருங்கள்."

இரண்டு மாதம் சுரண்டினார். மணிக்கட்டு வீங்கியது. ஆனாலும் வேறு யாரையும் அவர் தொடவிடவில்லை.

2014இல் வீட்டைப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். இராசமலரையும் கூட்டிப்போனார்.

"இந்த இருட்டுப் பச்சைக்கோ இவ்வளவு பாடு?" என்று இராசமலர் கதவைத் தொடக் கை நீட்டினார்.

"தொடாதேயும். ஒறிஜினல்."

வந்தவர்களையெல்லாம் மறித்து, நிறத்தைக் கண்டுபிடித்தது தான்தான் என்று தன் பிரெஞ்சில் விளக்கினார். தொப்பி போட்ட ஒரு முதியவர் மட்டும், அந்தக் கதவைச் சுரண்டிப் பார்க்க எப்படித் தோன்றியது என்று கேட்டார்.

அரியரத்தினம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மனைவியிடம் திரும்பி, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றார்.