பதினேழாம் பக்கத்து டிக்கெட்

சங்கரன்கோவிலில் நான் போகும் நூலகத்தின் நூலகர், மார்கழி பிறந்தால் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, தலைக்கு மேலே மின்விசிறியையும் ஓடவிடுவார். திரும்பி வரும் புத்தகத்துக்குள் பஸ் டிக்கெட் இருந்தால் எடுத்துப் போடமாட்டார். "படிச்ச இடம் தெரியணும்லா?" என்பார்.

டிசம்பர் கடைசியில் புது மனிதனாகிவிட முடிவெடுத்து, வருடா வருடம் அதே சுயமுன்னேற்றப் புத்தகத்தை எடுத்துப் போவது என் வழக்கம். வேறு யாரும் அதைத் தொடுவதில்லை. ஊரில் மற்றவர்கள் ஏற்கெனவே முன்னேறிவிட்டார்கள் போல.

போன டிசம்பரில் புத்தகத்தைப் பதிவுக்கு நீட்டினேன். நூலகர் புரட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, முந்தின வருசம் நீங்க வச்ச திருவேங்கடம் பஸ் டிக்கெட்டு பதினேழாம் பக்கத்துலயே கெடக்கே?"

"வேலை ஜாஸ்தி அண்ணாச்சி. ஆனா ஆளு ரொம்ப மாறிட்டேன்" என்றேன். அன்று காலைதான் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் என் ஓராண்டு வளர்ச்சியை நீளமாக எழுதி, ஏகப்பட்ட கைதட்டல் வாங்கியிருந்தேன்.

"அதான் பாத்தாலே தெரியுதே" என்று முத்திரை குத்திக் கொடுத்தார்.

வீட்டில் திறந்தேன். டிக்கெட் ஒரு தாள் தள்ளி, பத்தொன்பதாம் பக்கத்தில் இருந்தது. என் முன்னேற்றம் மொத்தமும் அவர் செய்துவைத்தது.

அது கேலியா, கரிசனமா, இன்னும் தெரியவில்லை. இந்த டிசம்பரிலும் போய் அதே புத்தகத்தை எடுக்கிறேன். டிக்கெட் பத்தொன்பதிலேயே இருக்கிறது.