படத்தின் இடது ஓரத்தில் ஒரு பலகை

அந்தக் கிராமத்தைப் பற்றி எட்டுப் பக்கம் நோர்வேஜிய மொழியில் எழுதியிருந்தார்கள். அதைத் தமிழாக்கித் தரும்படி கேட்டு, நோர்வேயில் வெஸ்ட்லியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தவர், என் கணவரோடு சில வருடங்கள் பஸ் ஓட்டியவர். பிறகு அந்த வேலையை விட்டு வீடு விற்கும் தொழிலுக்குப் போனார். இப்போது இந்தோனேசியாவில் ஒரு சிறு கடற்கரைக் கிராமத்தை எங்கள் ஆட்களுக்கு அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார். போய்ச் சுற்றிப் பார்க்கலாம், பிடித்தால் காணி எடுத்து வீடு கட்டலாம் என்பது அவர் பேச்சு. நான் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறவள். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் படிப்பிப்பதால் இப்படியான எழுத்து வேலைகள் என்னிடம் வரும்.

“அக்கா, நீங்கள் எழுதினால்தான் சனம் நம்பும்” என்றார்.

அந்த வார்த்தையே எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல காணி என்றால் நான் எழுதாவிட்டாலும் நம்புவார்கள்தானே.

என் கணவர் அதற்கு முன்பே நம்பியிருந்தார். ஓய்வு பெற அவருக்கு இன்னும் ஒரு வருடம்கூட இல்லை. நவம்பர் பிறந்து குளிரும் இருட்டும் தொடங்கினால் அவருடைய முகம் சுருங்கிவிடும். மேசையில் விரித்த தாள்களில் நீலக் கடலையும் தென்னைகளையும் அவர் பார்த்த விதத்தைக் கண்டு, இந்த வேலையை முடியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த நாள் எழுதத் தொடங்கினேன். பாதையிலிருந்து கடலுக்கு நடை தூரம். காலையில் மீன் சந்தை. ஊர் மக்கள் அமைதியானவர்கள், எப்போதும் சிரித்த முகம். கரையோரமாக நீண்டு கிடக்கும் காணியில் யாரும் இல்லை. ஐந்தாம் பக்கத்தில்தான் முதலில் இடறியது. நோர்வேஜிய மொழியில் சொந்தமாக வைத்திருப்பதற்கும் வாடகைக்கு எடுப்பதற்குமான சொற்களுக்கு ஒரே ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். அங்கே இருந்தது வாடகைச் சொல். நீண்டகாலக் குத்தகை என்றுதான் அதற்கு அர்த்தம். அவரோ எங்கள் வீட்டில் இருந்த நேரம் முழுவதும் சொந்தக் காணி என்றே கதைத்தார்.

தொலைபேசியில் கேட்டேன்.

“குத்தகை எண்டால் எங்கட ஆக்களுக்குப் பிடிக்காது அக்கா. நீங்கள் சொந்தம் எண்டே போடுங்கோ.”

“அது பொய்யெல்லோ தம்பி?”

“பொய் இல்லை, ஒரு வசதிக்கு.”

அதற்குப் பிறகு அந்த எட்டுப் பக்கங்களில் ஒரு சொல்லையும் நான் சும்மா விடவில்லை. யாரும் இல்லாத காணி என்ற வசனத்துக்கு மேலே ஒரு படம் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். தென்னைகளுக்குப் பின்னால் ஒரு கொடியில் துணி காய்ந்தது. அதில் குழந்தைச் சட்டைகளும் இருந்தன. யாருமில்லாத இடத்தில் யாருடைய சட்டை? இடது ஓரத்தில், வேலியோடு, கையால் எழுதிய சிறு பலகை ஒன்று. அந்த மொழி எனக்குத் தெரியாது.

யாரும் இல்லை என்ற இதே கதையை நான் முன்பும் வாசித்திருக்கிறேன். இலங்கையில், வலிகாமம் வடக்கில் என் தகப்பனாரின் காணி வருடக்கணக்காக இராணுவத்திடம் இருந்தது. அதைப் பற்றிக் கேட்டு நாங்கள் எழுதிய கடிதத்துக்கு வந்த பதிலில், அந்த இடத்தில் குடியிருப்பு எதுவும் இல்லை என்று இருந்தது. இல்லாமல் போனது எப்படி என்று அந்தப் பதில் சொல்லவில்லை.

முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்பவர்களில் இந்தோனேசியப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அதிகம் பேசமாட்டாள். இடைவேளையில் படத்தை அவள் முன் வைத்து, பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். வரவேற்புப் பலகையாக இருக்கவேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். கணவரின் முகம் நினைவில் நின்றது.

அவள் தாளை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தாள்.

“இந்த நிலம் விற்பனைக்கு இல்லை” என்று நோர்வேஜிய மொழியில் சொன்னாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, “நீ வாங்கப் போகிறாயா?” என்று கேட்டாள்.

இல்லை என்றேன். அவள் நம்பினாளோ தெரியாது. தேநீரை அரைவாசியில் விட்டுவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு சில கிழமைகள் அவள் என்னோடு வேலைக் கதையைத் தவிர வேறு கதைக்கவில்லை. சந்தேகப்பட்டுக்கொண்டே திரிந்த எனக்கு, என்னையும் ஒருவர் சந்தேகத்தோடு பார்ப்பது சுட்டது.

அன்று பின்னேரமே காணி விற்பவருக்குத் தொலைபேசி எடுத்தேன். “தம்பி, அந்தப் படத்தில ஒரு பலகை நிக்குது. பார்த்தனீங்களோ?”

“அது பழைய படம் அக்கா. அந்தப் பிரச்சினை முடிஞ்சுது.”

பிரச்சினை என்று நான் சொல்லவே இல்லை. பலகை என்றுதான் சொன்னேன். இனி எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். இரண்டு நாள் கழித்துக் கணவரின் தொலைபேசிக்குப் புதிய பிரதி ஒன்று வந்தது. வேறு யாரோ அவசரமாகத் தமிழாக்கியிருந்தார்கள். எங்கும் ‘சொந்தம்’ என்றே இருந்தது. படத்தின் இடது ஓரத்தை வெட்டியிருந்தார்கள். துணிக்கொடியும் இல்லை.

கணவருக்கு இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

“உமக்கு எல்லாத்திலையும் சந்தேகம்” என்றார். “கூட்டத்துக்கு வாரும். கேக்கிறதை அங்கை கேளும்.”

கூட்டம் ட்வெய்ட்டாவில், ஒரு ஞாயிறு மத்தியானம், வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் நடந்தது. பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் வந்திருந்தன. எல்லோரும் தெரிந்த முகங்கள். கோயிலில் காண்பவர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், பிள்ளைகளின் பள்ளியில் காண்பவர்கள். ரோல்ஸும் தேநீரும் கொடுத்தார்கள். பெரிய திரையில் கடல் வந்ததும் பேச்சு நின்றது. வெளியே பனியும் சேறும். உள்ளே அந்த நீலம். எனக்கே ஒரு நிமிடம் ஆசையாக இருந்தது.

கேள்வி இருக்கிறதா என்று காணி விற்பவர் கேட்டபோது எழுந்தேன்.

“தம்பி, இந்தப் படத்தின்ரை இடது பக்கத்தை ஏன் வெட்டினனீங்கள்?”

அவர் சிரித்தார். “அக்கா வடிவு பாக்கிறா. திரைக்கு அளவாக்கினது.”

கைப்பையிலிருந்து முதல் பிரதியை எடுத்துப் பலகையில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னேன். தாள் கைக்குக் கை போனது. மன்னாரிலிருந்து வந்த ஒரு பெரியவர், கடலில் தொழில் செய்தவர், அதை நெடுநேரம் வைத்துப் பார்த்தார்.

“அப்ப அங்கை ஆக்கள் இருக்கினமோ?”

“இருக்கினம் ஐயா. ஒரு நாலைஞ்சு குடும்பம்” என்றார் காணி விற்பவர். அவருக்குக் கோபம் வந்திருந்தது. கோபத்தில்தான் அந்த வார்த்தை வந்திருக்கவேண்டும். “அவையளை எழுப்பிப்போடலாம். ஊர்த்தலைவர் ஓம் எண்டிட்டார்.”

அங்கே இருந்த எல்லோரும், அவர் உட்பட, எங்கேயோ ஒரு நாள் இருந்த இடத்திலிருந்து எழுப்பப்பட்டவர்கள். பெரியவர் தாளை மடித்து என்னிடம் தந்துவிட்டுத் தன் குளிர்ச்சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஆனாலும் இரண்டு குடும்பங்கள் முன்வரிசையில் இருந்தபடியே இருந்தன. அவர்கள் பிறகு காசு கட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன்.

நிலக்கீழ் ரயிலில் நானும் கணவரும் பக்கத்தில் இருந்தும் கதைக்கவில்லை. நகரத்தில் இறங்கி வண்டி மாறவேண்டும். மேடையில் காத்து நின்றபோது அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்:

“நான் தனியப் போக நினைச்சனான். உமக்குச் சொல்லேல்லை.”

எனக்கு உடனே விளங்கவில்லை.

“குளிர் மாதங்களில மட்டும். நீர் வேலையை விடமாட்டீர் எண்டு தெரியும். காணிப் பேப்பரில என்ரை பேரைத்தான் போடச் சொன்னனான்.”

எட்டுப் பக்கத்தை எழுத்தெழுத்தாகத் துருவிய நான், பக்கத்தில் படுக்கும் மனிதரை வாசிக்கவில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது வேறு. அவர் எவ்வளவு காலமாக இதை உள்ளே வைத்துக்கொண்டு திரிந்தார் என்ற கேள்விதான் வந்தது.

“என்னோட இருக்கேலாமல்போச்சோ?” என்று கேட்டேன்.

“இல்லையப்பா. வேலை முடிஞ்ச பிறகு, நீர் வேலைக்குப் போக, நான் அந்த வீட்டுக்குள்ள இருட்டைப் பாத்துக்கொண்டு... எனக்குப் பயமாக் கிடக்கு.”

வண்டி வந்தது. ஏறினோம்.

காணி விற்றவர் இப்போதும் கண்டால் தலையை ஆட்டுவார். தானும் அங்கே ஒரு துண்டுக்கு முற்பணம் கொடுத்ததாகவும், அந்தக் காசு திரும்பி வரவில்லை என்றும் ஒருமுறை சொன்னார். உண்மையாக இருக்கலாம். என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. அந்த நாலைந்து குடும்பங்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். தெரியாது என்றார். அதை நம்பினேன்.

கணவர் ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் தை மாதம் இலங்கைக்கு, தன் தம்பி வீட்டுக்கு, தனியாகப் போனார். நான்தான் போகச் சொன்னேன். ஆறு கிழமை என்று போனவர் மூன்றாம் கிழமை தொலைபேசியில், அங்கே வெக்கை தாங்க முடியவில்லை என்று முறைப்பாடு சொன்னார். நான் அப்போது வேலை முடிந்து வந்து, சப்பாத்தில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டு நின்றேன். அவர் சொல்லி முடிக்கும்வரை இருக்காமல் சிரித்துவிட்டேன்.