பென்கோவின் புது ரிமோட்டும் கிளப் கதவும்

எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவர் செத்தால், போட்டோ போட்ட மரண நோட்டீஸை வீட்டுக் கதவிலும் தெருக் கம்பத்திலும் அவர் வழக்கமாகப் போய் உட்காரும் இடத்திலும் ஒட்டுவார்கள். அணைக்கரை ட்ரோன் கிளப்புக்காரர்கள் அதையும் கேலியாக்கினார்கள். எவனாவது ட்ரோனைத் தொலைத்தால் அடுத்த ஞாயிறு கிளப் கதவில் அந்த ட்ரோனுக்கு ஒரு மரண நோட்டீஸ், கீழே அவன் பெயர். சிலுவை இருக்க வேண்டிய இடத்தில் ட்ரோன் இறக்கை. ஒரே ஒரு சலுகை உண்டு. ஞாயிற்றுக்குள் உடைந்ததையாவது தேடிக் கொண்டுவந்து காட்டிவிட்டால் நோட்டீஸ் கிடையாது. கிளப்பை ஒட்டி ஞாயிறு தோறும் காபிக்கடை போடுகிறவள் நான், அந்தக் கதவு என் கண்ணெதிரே. அதில் அதிகம் தொங்கியது பென்கோவின் பெயர்தான்.

பென்கோ அக்கரை கிராமத்துக்காரன், ரொட்டி வேன் ஓட்டுகிறவன். பிள்ளை குட்டி இல்லை. ட்ரோனை நன்றாகத்தான் ஓட்டுவான். சனியன் அவனுடைய ரிமோட்டில் இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் சிக்னல் அறுந்து, மோட்டார் நின்று, ட்ரோன் கல்லாட்டம் விழும். அதற்குக் கொஞ்சம் முன்னால் "சிக்னல் குறைவு" என்று ரிமோட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கத்தும்.

"டேய் பென்கோ, சின்ன வீடு கூப்பிடுறாடா, ஓடு!" என்பான் கிளப் தலைவன் வெலிச்கோ. பென்கோவும் அவசரமாக ட்ரோனைத் திருப்புவான். பாதி நேரம் தப்பிக்கும்.

பென்கோவும் சேர்ந்து சிரிப்பானே தவிர, நோட்டீஸ் ஒட்டிய ஞாயிறுகளில் காபியை அப்படியே ஆறவிட்டுப் போய்விடுவான். ஒருநாள் சொன்னான்: "அக்கா, இந்த வருஷம் அந்தக் கதவுல என் பேரு வரக் கூடாது. ஒரே ஒரு வருஷம்."

அந்தக் குளிர்காலம் முழுக்க நல்ல ரிமோட் எது என்று விசாரித்தான். கிளப்பில் ஆளுக்கொன்று சொன்னார்கள், பாதி வேண்டுமென்றே. "ஆன்டெனாவுல பூண்டு கட்டுடா, பேய் சிக்னலைக் குடிக்காது" என்றான் வெலிச்கோ. இந்த மடையன் கட்டியும் பார்த்தான்.

பிறகு அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். கடைக்காரனைக் கெஞ்சி சில ரிமோட்டுகளை வாங்கி வந்தான். இறக்கை கழற்றிய ட்ரோனை மனைவி ஸ்லாவ்கா கையில் கொடுத்துப் பனியில் நடக்கவிட்டான். அவள் கல்லறைத் தோட்டம் தாண்டி மாவு மில் பக்கம் போவாள். இவன் வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்து எந்த ரிமோட் அவளை எதுவரை விடாமல் பிடிக்கிறது என்று பார்ப்பான்.

"ஸ்லாவ்கா, உன்னையும் ரிமோட்லதான் நடத்துறானா?" என்று ஊரே கேட்டது.

"கல்யாணமான நாள்லேருந்து அப்படித்தான் நடக்கிறேன். மனுஷன் இப்பதான் ரிமோட் வாங்குறாரு!"

அவள் மில்லின் சுவருக்குப் பின்னால் போயும் சிக்னல் அறாத ஒன்று கிடைத்தது. பென்கோ அதைத் தேர்ந்தெடுத்தான். சரியான தேர்வு, அதில் குறையே சொல்ல முடியாது.

பனி உருகிய முதல் ஞாயிறு, ட்ரோனை அணைக்குமேல் விட்டான். போனது, போனது, அக்கரைக் கோயிலைச் சுற்றியது. ரிமோட் வாயே திறக்கவில்லை. வெலிச்கோ கையிலிருந்த ராக்கியா சாராயத்தைக் கீழே வைத்தான். பென்கோவின் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும். பாவி அவ்வளவு சந்தோஷமாக இருந்தான்.

இத்தனை வருஷமும் அந்தப் பெண் குரல்தான் அவனைப் பாதியிலேயே திருப்பி அனுப்பியது. பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும் பழக்கம் அவனுக்கு வரவே இல்லை. புது ரிமோட்டில் பேட்டரி எச்சரிக்கையை நாமாக அமைக்க வேண்டும். சிக்னலைத் தவிர வேறு எதைப் பற்றியும் யோசிக்காதவன் எங்கே அமைப்பான்? திரும்பத் தொடங்கியதுமே பேட்டரி தீர்ந்து, அக்கரைத் தண்ணீரில் விழுந்தது ட்ரோன்.

வெலிச்கோ கைதட்டினான். "நோட்டீஸ்ல போட்டுடுறேன்டா: சிக்னல் நல்லா இருக்கும்போதே காலமானார்!"

எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"அடுத்த ஞாயிறு வரைக்கும் நேரம் இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டு பென்கோ போனான்.

அடுத்த ஞாயிறு நாங்கள் வரும்போதே கதவில் நோட்டீஸ் இருந்தது. ட்ரோனின் படம் இல்லை, பென்கோவின் படம். "பாருடா, நம்மள முந்திக்கிட்டு அவனே ஒட்டிட்டான்! ரோஷம் வந்துடுச்சு" என்று வெலிச்கோ பேனாவை எடுத்து, படத்துக்குக் கீழே 'காரணம்: பேட்டரி' என்று எழுதினான். பிறகு மத்தியானம் வரை ட்ரோன் விட்டார்கள். பென்கோ எங்கே என்று ஒருவனும் கேட்கவில்லை. அவன் வீட்டு வாசலை மிதித்தவனே அங்கு கிடையாது.

குப்பை கொட்டப் போனபோதுதான் நான் அதைக் கிட்டத்தில் பார்த்தேன். மேலே இறக்கை இல்லை, சிலுவை இருந்தது. கீழே 'மனைவி ஸ்லாவ்கா' என்று இருந்தது. அடக்கம் ஞாயிறு காலை, அதாவது அன்றைக்கே.

நான் போட்ட கத்தலில் எல்லாரும் ஓடி வந்தார்கள். அப்படியே நிற்கும்போதுதான் ஸ்லாவ்கா வந்தாள். கறுப்புத் துணி, செருப்பு முழுக்கக் கல்லறை மண். கதவில் எழுதியிருந்ததைப் படித்தாள். கையிலிருந்த ட்ரோனை என் கடை மேசைமேல் வைத்தாள். இறக்கையில் சேறு காய்ந்திருந்தது.

"இது கரையில கிடந்துச்சு. அவருதான் தண்ணிக்குள்ள இறங்கி எடுத்துத் தூக்கிப் போட்டிருக்காரு. ஐஸ் தண்ணி. அவரால ஏற முடியல."

வெலிச்கோ தொப்பியைக் கழற்றினான். "ஸ்லாவ்கா, நாங்க விளையாட்டுன்னு..."

"நீங்கல்லாம் வந்து ஒரு பிடி மண்ணு போடுவீங்கன்னுதான் நான் அதை ஒட்டினேன். ஒருத்தரும் வரல." அவள் குரல் உயரவே இல்லை. "ஞாயித்துக்கிழமைக்குள்ள ட்ரோனைக் கொண்டாந்துட்டா கதவுல பேரு வராதுன்னு சொன்னாரு. கொண்டாந்துட்டேன். கிழிங்க."

வெலிச்கோ போய்க் கிழித்தான். பசை நன்றாகப் பிடித்திருந்தது. பென்கோவின் முகம் பாதிதான் வந்தது.