எழுத்துக்கு ஒரு மகமை

போடி கடைவீதியில் ஏலக்காய்க் கடை வைத்திருந்தார் அவர். நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி, தோளில் ஈரத் துண்டு. ஒவ்வொரு நிறுவைக்கும் முன்னால் தராசுத் தட்டைத் துடைத்து, எண் பூஜ்யத்தில் நிற்பதை எதிரில் இருப்பவருக்குக் காட்டுவார். எவ்வளவு கூட்டம் நின்றாலும் அதை விடமாட்டார்.

அவர் தந்த பில்லில் தமிழ் ஒரு கொம்பு, ஒரு கால் பிசகாமல் அச்சாகியிருந்தது. பெருமை தாங்காமல், "அண்ணாச்சி, இந்த எழுத்து எங்க வேலை" என்றேன். கணினி எழுத்துகளுக்கு உலகம் முழுக்க ஒரே விதி உண்டு. அந்த விதிப்படி தமிழை அச்சடிக்கும் மென்பொருளை நானும் ஒரு நண்பரும் எழுதி, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி பராமரிக்கிறோம் என்று விளக்கினேன். களைத்துப்போய், அந்த மாதத்தோடு விட்டுவிட இருந்ததை மட்டும் சொல்லவில்லை.

"தராசுக்கு வருசா வருசம் முத்திரை வைக்க ஆபீசர் வர்றாக. இதுக்கு யாரு?"

"நாங்கதான்."

என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். மறு வாரமே அழைத்தார். மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் பொதுக் காரியத்துக்கு எடுத்துவைக்கும் மகமையில், இனி எங்கள் மென்பொருளுக்கும் ஒரு பங்கு என்று சங்கத்தில் பேசி முடித்திருந்தார்.

"எனக்குக் காசு வேண்டாம் அண்ணாச்சி" என்று கூச்சப்பட்டேன்.

"ஒங்களுக்கு யாரு தம்பி குடுத்தா? நீங்க எந்திரிச்சுப் போனாலும் அங்கன இன்னொருத்தர் வந்து ஒக்காரணும்ல. அதுக்கு."

அந்தப் பணத்தில் இப்போது ஜெயமங்கலத்துப் பெண் ஒருவர் எங்களோடு வேலை பார்க்கிறார். நானும் எழுந்து போகவில்லை. போக நினைத்தது அண்ணாச்சிக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் இன்னும் புரியவில்லை.