போன்ஜூர் சொல்லாதவர்கள்

டக், டக், டக்.

முன்னறையில் யாரோ கண்ணாடி மேசையை மோதிரத்தால் தட்டும் சத்தம். அடுப்படியில் பொரித்த பற்றிஸைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்த கிளியின் கை அப்படியே நின்றது.

அந்தத் தட்டல் அவளுக்குத் தெரியும். அன்று காலையில்தான், வேலை செய்யும் பேக்கரியில், கேக் அடுக்கிய கண்ணாடிப் பெட்டியின் மேல் அதே தட்டலைக் கேட்டிருந்தாள்.

"உந்த மொன்றியல் சனத்துக்கு மரியாதை எண்டால் என்னெண்டு தெரியாது அண்ணை," என்று முன்னறையில் ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டிருந்தது. "எங்கட நியூ ஜேர்சியிலை கடைக்குள்ளை காலை வைச்சால் சிரிச்ச முகத்தோடை கதைப்பினம். இஞ்சை ஒருத்தி, கறுத்தப் பிரெஞ்சுக்காரி, செத்தவீட்டிலை நிக்கிற மாதிரி மூஞ்சையை வைச்சுக்கொண்டு நிக்கிறாள். நான் போன்ஜூர் சொல்லுமட்டும் சாமானைத் தொடமாட்டாளாம்."

கிளியின் கணவர் மார்க்கண்டு பெரிதாகச் சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வார்? பேசியவள் சிவநேசம். அவளுடைய மகன் சாரங்கனுக்குத்தான் கிளியின் மகள் தக்ஷினியைக் கேட்டு, நியூ ஜேர்சியிலிருந்து மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் வரைக்கும் காரோட்டி வந்திருக்கிறார்கள். தக்ஷினியும் சாரங்கனும் மாதக்கணக்கில் தொலைபேசியில் கதைத்து மனம் ஒத்துப்போனவர்கள். கோடை தொடங்கியதிலிருந்து தக்ஷினி குளிக்கும்போதும் பாடினாள். பெரியவர்கள் சரி என்று தலையாட்டுவது ஒன்றுதான் மிச்சம்.

கிளி இன்னும் விருந்தாளிகளின் முகத்தைப் பார்க்கவில்லை. சுற்றுலாக்காரர் குவியும் சனிக்கிழமையில் முதலாளி பேனாட் முழுநாள் விடுப்புத் தரவில்லை. பாதி நாள் நின்றுவிட்டு, இரண்டு பஸ் மாறி ஓடிவந்து, பின்கதவால் நுழைந்து சேலை மாற்றியிருந்தாள். அவள் கடையில் நிற்கிறாள் என்பதை மார்க்கண்டு விருந்தாளிகளுக்குச் சொல்லவில்லை. "அவ வீட்டோடதான்" என்று சொல்லிவைத்திருந்தார்.

வீட்டோடு இருந்த பெண்ணா கிளி? இந்த நகரத்துக்கு அகதியாக வந்தபோது ஹோட்டல் அறைகளில் படுக்கை விரித்தாள். பிறகு பேனாட்டின் பேக்கரியில், பின்கட்டில் தட்டுக் கழுவினாள். மாலையில் பிரெஞ்சு வகுப்பு. எழுத்துக்கூட்டி, அழுது, மறுபடி எழுத்துக்கூட்டி, கடைசியில் ஒருநாள் முன்கடையில் வெள்ளைத் தொப்பியும் கறுப்பு ஏப்ரனுமாக நின்றாள். ஆரம்பத்தில் வந்தவர்களுக்கெல்லாம் பல் தெரியச் சிரித்துவிட்டு, "என்ன வேணும்" என்று நேரே கேட்டாள். வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். பேனாட்தான் சொல்லிக்கொடுத்தான்: "சிரிப்பு வேண்டாம் கிளி. முதலில் போன்ஜூர் என்று வணக்கம் சொல். பதில் வரும்வரைக்கும் காத்திரு. பதில் சொல்லாதவன் உன்னை ஒரு மனுஷியாகக் கணக்கெடுக்கவில்லை."

அந்த வார்த்தையை அவள் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். தட்டுக் கழுவிய காலத்தில் யாரும் அவளுக்கு ஒரு வணக்கம் சொன்னதில்லை. முன்கடைக்கு வந்த பிறகு, நாளெல்லாம் அவள் முகத்தைப் பார்த்து மனிதர்கள் போன்ஜூர் சொன்னார்கள். கிளிக்கு அது சம்பளத்தைவிடப் பெரிது.

அன்று காலையும் கதவு திறந்தவுடன் "போன்ஜூர்" என்றாள். தங்க வளையல் போட்ட தமிழ்ப் பெண் ஒருத்தி பதில் சொல்லாமல் நேரே கண்ணாடிக்கு வந்து, "இதில் ஆறு, அதில் ஆறு" என்று ஆங்கிலத்தில் விரல் நீட்டினாள். "போன்ஜூர், மதாம்," என்று மறுபடி சொல்லிவிட்டுக் கிளி காத்து நின்றாள்.

மோதிரம் கண்ணாடியைத் தட்டியது. பிறகு, வாசலில் தொப்பியோடு நின்ற பையனைத் திரும்பிப் பார்த்து, அந்தப் பெண் தமிழில் சொன்னாள்: "பார் தம்பி, எங்கையோ தீவிலையிருந்து கப்பல்லை வந்து இறங்கினதுகள் எங்களுக்கு மரியாதை படிப்பிக்குதுகள்."

அதைக் கேட்ட பிறகு, எனக்கும் தமிழ் தெரியும் என்று எப்படி வாய் திறப்பது? அந்தப் பெண் முதலாளியைக் கூப்பிட்டாள். பேனாட் வந்தான். விதியைச் சொல்லிக்கொடுத்த அதே பேனாட், அமெரிக்கர்களின் முன்னால் கிளியை மன்னிப்புக் கேட்கச் சொன்னான். கேட்டாள். கேக் பெட்டியில் தங்க நிற ரிப்பனும் கட்டிக்கொடுத்தாள். அவர்கள் போன பிறகு, "அமெரிக்கர்கள்" என்று தோளைக் குலுக்கிவிட்டு பேனாட் கோப்பி குடிக்கப் போனான். அவனுக்கு அது அத்தோடு முடிந்தது.

அடுப்படிக் கதவைத் தள்ளிக்கொண்டு தக்ஷினி வந்தாள். அவள் கையில் அதே பெட்டி. அதே ரிப்பன், இரட்டை வளையம் போட்டு நுனியைச் சாய்த்து வெட்டியிருந்தது. தக்ஷினியின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அம்மா கட்டுகிற கட்டு.

"அம்மா, இது நீங்கள் கட்டினது."

"ஓம்."

"அப்ப அவ சொல்லுறது உங்களையோ?"

"மெல்லக் கதை பிள்ளை."

தக்ஷினியின் கண்கள் நிறைந்தன. "சாரங்கன் பாத்தவரோ?"

"ஒரு பெடியன் தொப்பி போட்டுக்கொண்டு வாசலிலை நிண்டவன். வடிவாப் பாத்திருக்கமாட்டான்."

"அப்ப அவருக்குத் தெரியாது," என்றாள் தக்ஷினி அவசரமாக. பிறகு அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், "நீங்களும் காட்டிக்கொள்ளாதேங்கோ அம்மா. இண்டைக்கு மட்டும்," என்றாள்.

பெற்ற மகள் கேட்கிறாள். கிளி தலையாட்டினாள்.

தேத்தண்ணியை முன்னறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் தட்டை மேசையில் வைத்தாள். சிவநேசம் எழுந்து வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "எவ்வளவு அடக்கமான ஆள். தாயைப் பாத்தாலே பிள்ளையைப் பாக்கத் தேவையில்லை," என்றாள். அடையாளம் தெரியவில்லை. காலையில் முகத்தைப் பார்த்திருந்தால்தானே தெரியும்.

ஆனால் சோபாவின் ஓரத்தில் இருந்த சாரங்கன் அவளை நிமிர்ந்து பார்த்தான். கோப்பை சாய்ந்து தேத்தண்ணி சோசரில் சிந்தியது. உடனே தலையைக் குனிந்துகொண்டான்.

சற்று நேரத்தில் வெறும் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு அவனே அடுப்படிக்கு வந்தான்.

"அன்ரி, காலமை நடந்தது... அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ. அவ சரியா வெக்கப்படுவா."

"அதை விடும் தம்பி. தமிழ் ஆள் எண்டு தெரியாமல் நடந்தது தானே."

அவளுக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் அவன் உண்மையைச் சொன்னான். "எனக்குத் தெரியும் அன்ரி. உங்கட தாலிக்கொடியைக் கண்டனான்."

கிளி கோப்பையைக் கீழே வைத்தாள். "அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"நாங்கள் போற ஆக்கள் தானே. திரும்பக் காணப்போறேல்லை எண்டு நினைச்சன்."

அவன் குரலில் கள்ளம் இல்லை. அதுதான் கிளியைச் சுட்டது. தாய் வாயால் எரித்தாள், அதைத் தாங்கலாம். இவன் கண்டுகொண்டே நின்றவன். நாளைக்கு நியூ ஜேர்சியில் ஒரு வீட்டுக்குள் தன் பிள்ளைக்கு யாராவது நாக்கால் சூடு வைத்தாலும் இவன் இப்படித்தான் வாசலில் நிற்பான். அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.

"அக்கா, காலமை நீங்கள் ஏசின கடைக்காரி நான்தான்."

மார்க்கண்டுவின் சிரிப்பு பாதியில் நின்றது. சிவநேசத்தின் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது.

"அப்ப நீங்கள் ஏன் தமிழிலை ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"நீங்கள் தமிழிலை சொன்னதைக் கேட்டாப் பிறகு என்னெண்டு சொல்லுறது?"

சிவநேசம் மோதிரத்தைத் திருகினாள். "சரி, ஆளறியாமல் நடந்துபோச்சு. விடுவம். ஆனால் அண்ணை, வீட்டோடதான் எண்டு எங்களுக்குப் பொய் சொல்லியிருக்கிறியள்."

"இல்லை, அது வந்து..." என்று மார்க்கண்டு தடுமாறினார்.

"அவர் சொன்னது பொய்தான்," என்றாள் கிளி. "உங்களிலை எனக்குக் கோவம் இல்லை அக்கா. தம்பி என்னைத் தமிழ் எண்டு தெரிஞ்சுகொண்டுதான் பேசாமல் நிண்டவர். அவருக்கு என்ரை பிள்ளையைத் தரமாட்டன்."

"அம்மா," என்றாள் தக்ஷினி. அந்த ஒரு வார்த்தையில் ஒரு கோடைகாலம் முழுவதும் உடைந்தது. அவள் சாரங்கனைப் பார்த்தாள். அவன் கம்பளத்தைப் பார்த்தான்.

"நான் சொன்னது பிழையில்லை," என்று சிவநேசம் கைப்பையை எடுத்தாள். "இந்த ஊரிலை இருந்து இருந்து நீங்களும் அவங்களைப் போலை வந்திட்டியள். வீடு தேடி வந்த ஆக்களை இப்பிடியோ அனுப்புறது?"

மார்க்கண்டு "இருங்கோ, இருங்கோ" என்று பின்னால் ஓடினார். பிறகு திரும்பி, "கெடுத்துப்போட்டாய்," என்று மனைவிக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். மேசையில் கேக் பெட்டி இன்னும் அவிழ்க்கப்படாமல் இருந்தது.

தாய் படியிறங்கிக் காருக்குப் போன பிறகு, சாரங்கன் வாசலில் ஒரு கணம் நின்றான். உதடு அசைந்தது. காரின் ஹோர்ன் சத்தம் கேட்டதும் இறங்கினான்.

வீட்டுக்கு வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதைக் கிளி சொன்னாள். "சந்தோசமாய்ப் போயிட்டு வாங்கோ."

பதிலுக்காக வாசலில் காத்து நின்றாள். அவன் திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறினான்.

பின்னாலிருந்து ஒரு கை நீண்டு கதவைச் சாத்தியது. தக்ஷினியின் கை. அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் அவள் தன் அறைக்குப் போனாள்.