வீட்டுக்காரரின் நாய் கடித்தபோது

சென்னீர்குப்பத்தில் மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரர். மோட்டார் போடுவதில் ஆரம்பித்து எல்லாவற்றுக்கும் அவருக்கும் எனக்கும் சண்டைதான். ஒரு மாலை அம்பத்தூரில் வேலை முடிந்து வந்து கேட்டைத் திறந்தபோது, அவருடைய நாய் குரைக்காமலே பாய்ந்து என் கெண்டைக்காலைக் கவ்வியது.

"ஊட்டு நாய்மா. இத்துக்குப் போயி இன்னாத்துக்கு ஊரக் கூட்டறே? சுண்ணாம்பு வெச்சா ஆறிடும்," என்றார், படியில் உட்கார்ந்தபடியே.

"அதுக்கு ஊசி போட்டிருக்கீங்களா?"

"அத்தெல்லாம் நீ கேக்காதே."

குழாயடியில் சோப்புப் போட்டுக் காலை வெகுநேரம் கழுவிவிட்டுப் பூந்தமல்லியில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தோளில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட டாக்டரம்மா, இன்னொரு மருந்தைக் கடிவாய்க்குள்ளேயே குத்தி இறக்கினார். வலியில் அவரிடமும் எரிந்து விழுந்தேன். "தோள்ல போட்டது போதாதா?"

"அது எதிர்ப்பொருள் செய்ய உங்க உடம்புக்குக் கத்துக்குடுக்கும். அதுக்கு நாளாகும், கிருமி காத்திருக்காது. இதுல இருக்கிறது ரெடியா செஞ்ச எதிர்ப்பொருள்," என்றார் அவர், ஊசியை எடுக்காமலே. "கிருமி மேல முள்ளு முள்ளா புரதம் நீட்டிக்கிட்டு இருக்கும். அதை வெச்சுத்தான் நரம்புல ஒட்டும். எதிர்ப்பொருளோட நுனி அந்த முள்ளோட வடிவத்துக்குன்னே அமைஞ்சது. போய் மேல உக்காந்துட்டா கிருமியால நரம்புல ஒட்ட முடியாது. நரம்புக்குள்ள போயிட்டா இந்த மருந்துக்கும் எட்டாது."

சில நாளில் நாய் எச்சில் வடித்தபடி மாடிப்படிக்கு அடியில் செத்துக் கிடந்தது. வீட்டுக்காரர் தெருவே பார்க்க என்னை மறித்தார். "நீதானே சோத்துல இன்னாவோ கலந்து வெச்சே?"

அவர் நீட்டிய கையில் புதுப் பல்தடங்கள் இருந்தன. சாகக் கிடந்த நாயின் வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றியிருக்கிறார். அந்த நிமிடம் அவரை அப்படி வெறுத்தேன். மேலே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளத்தான் தோன்றியது. ஆனால் அந்தப் பல்தடங்களைப் பார்த்த பிறகு முடியவில்லை. ஜன்னலில் நின்ற அவர் மனைவியிடம் பேசினேன்.

"அக்கா, கடி பட்டிருக்கு. இப்பவே கூட்டிட்டுப் போங்க. வியாதி வந்துட்டா யாராலயும் காப்பாத்த முடியாது."

"எம் பொண்டாட்டிகிட்ட உனக்கு இன்னா பேச்சு?" என்று அவர் கத்தினார். அந்த அக்கா அதுவரை அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை. ஸ்கூட்டர் சாவியோடு வெளியே வந்து, "மொதல்ல கைய கழுவு. அப்பால வண்டில ஏறு," என்றார். வீட்டுக்காரர் ஏறினார்.

அடுத்த தவணை ஊசிக்குப் போனபோது, வீங்கிய கையோடு அவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஒரே ஷேர் ஆட்டோவில் ஆளுக்கொரு ஓரமாக வீடு வந்தோம்.

இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தவணைகள் முடிந்த கையோடு வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். நெமிலிச்சேரிக்குச் சாமான் ஏற்றிய அன்று அவர் வெளியே வரவில்லை. அந்த அக்கா மட்டும் வந்து, "அவரு உசுரோட கீறாரு, எனக்கு அத்து போதும்மா," என்று மெதுவாகச் சொன்னார்.

அவர் மேல் எனக்குக் கோபம் தணியவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வண்டியில் ஏறினேன்.