கேட்டாச்சு என்று எழுதிய படிவம்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அன்றைக்குப் போய் உட்கார்ந்த பத்தாவது நிமிஷமே சூடாகிவிட்டது.

அறிவு வளர்ச்சி குறைந்த பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனம் வாடகை வீட்டில் நாலு பெண்களைத் தங்கவைத்திருக்கிறது. ‘அவர்களுக்காக நீங்கள் முடிவெடுக்காதீர்கள், அவர்களையே கேளுங்கள், கேட்டதை எழுதி வையுங்கள்’ என்று போன வருஷம் அங்கே தொண்டை வறளக் கத்திவிட்டு, எழுதி வைக்க ஒரு படிவமும் தயாரித்துக் கொடுத்திருந்தேன். அது எந்த லட்சணத்தில் நடக்கிறது என்று பார்க்கத்தான் இந்தத் தடவை போனேன்.

அங்கே வேலை பார்க்கும் பாறசாலை ஊர்ப் பெண் நல்ல உழைப்பாளி. ஒரு படிவத்தைப் பெருமையாக நீட்டினாள்.

“நம்ம அக்காவோட அண்ணன் சிங்கப்பூர்ல மகன்கூடப் போயி இருக்கப் போறாராம் மேடம். அக்காவைக் கல்லாறு பக்கம் பெரிய ஹோம்ல சேர்க்கணும்னார். நான் சும்மா விடல்ல. அக்காகிட்ட கேட்டிட்டுதான் சரின்னேன்.”

கேள்வி: இங்கே இருக்கிறீர்களா, கல்லாறு ஹோமுக்குப் போகிறீர்களா? பதில்: கல்லாறு ஹோம். கீழே கைநாட்டு. திங்கட்கிழமை மாற்றுகிறார்கள்.

அந்த நாலு பேரில் மூத்தவளான அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. பதினோரு வருஷமாக அந்த வீடுதான் அவளுக்கு வீடு. இரண்டு பொருளைச் சொல்லிக் கேட்டால் எப்போதும் இரண்டாவதைத்தான் சொல்வாள். டீயா காப்பியா என்றால் காப்பி. காப்பியா டீயா என்றால் டீ. அது அங்கே எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் இப்படி!

“ஏம்மா, உனக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்கா? மாத்திப் போட்டுக் கேட்டியா?” என்று கத்தினேன். அக்காவைக் கூப்பிட்டு அந்தப் பெண் முன்னாலேயே கேட்டேன். “ஹோமா, இங்கேயா?”

“இங்கே” என்றாள் அக்கா.

எப்படி என்பதுபோல அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் அசரவில்லை. “அதும் கடைசி வார்த்தைதானே மேடம்? பின்னே இதும் செல்லாதல்லோ.”

நான் விரும்பிய பதில் வந்ததும் அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டேனே, என்னை எதால் அடிப்பது?

அக்காவை ஹோமுக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவோம் என்று அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் கோட்டை அக்ரஹாரத்துக்காரர். “அவகிட்டப் போய் என்னத்தைக் கேக்கறேள்? எங்கே இருந்தாலும் அவளுக்கு ஒண்ணுதான்” என்றார். ஆனாலும் சனிக்கிழமை காரோடு வந்தார். அக்காவின் துணிமணிகளைப் பையில் எடுத்து வைக்கச் சொன்னார். பிடித்திருந்தால் அப்படியே விட்டுவிட்டு வந்துவிடலாமாம். நானும் பாறசாலைப் பெண்ணும் கூடப் போனோம்.

ஹோமைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சுத்தமான தரை, கூடவே நர்ஸ். நீளமான அறையில் வரிசையாகப் பன்னிரண்டு கட்டில்கள். காட்டிய கட்டிலில் அக்கா உட்கார்ந்தாள். அண்ணன் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். “பாத்தேளா, உக்காந்துட்டா.”

அக்கா கடைசிக் கட்டில்வரை ஒருமுறை பார்த்தாள். குனிந்து பையை இழுத்து எடுத்தாள். யாரையும் பார்க்காமல் நடந்து போய், காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பாறசாலைப் பெண் வாசல்படியில் படிவத்தை விரித்தாள். “அக்கா ஒண்ணும் சொல்லல்லியே மேடம். பதில்னு உள்ள இடத்துல என்ன எழுதட்டு?”

சொன்ன பதிலுக்குத்தான் அதில் இடம் விட்டிருந்தேன். செய்து காட்டியதை எழுத ஒரு வரிகூட இல்லை. தயாரித்த மேதாவி நான்தானே!

அண்ணன் எட்டிப் பார்த்தார். “ஒண்ணும் சொல்லலையோன்னோ? அப்போ பழைய பதில்தானே நிக்கறது.”

படிவத்தை அவள் கையிலிருந்து பிடுங்கிக் கிழித்துப் போட்டேன். “இப்ப ஒண்ணும் நிக்கல” என்றேன். அண்ணன் என்னை முறைத்துவிட்டு, கடைசியில் கையை விரித்தார். “சரி, ஆத்துக்கே அழைச்சிண்டு போங்கோ.”

காரை நோக்கி ஓடினேன். அக்கா உள்ளேயிருந்து பூட்டியிருந்தாள். சாவியும் உள்ளே. “நம்ம வீட்டுக்குப் போலாம் அக்கா” என்று கண்ணாடியில் தட்டித் தட்டிச் சொன்னேன். பையை மடியில் இறுக்கிக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள். திறக்கவில்லை. அவளை அங்கே கூட்டி வந்தவர்களில் நானும் ஒருத்தி.